வேன் எத்தனை மணிக்கு

ஜெலுத்தோங்கில் வாடகை ஏறிவிட்டது.
பாலத்துக்கு அந்தப்பக்கம், பிறையில்
பாதிக் காசுக்கு ஒரு கொட்டகை.
கையெழுத்துப் போட்டு, முன்பணம் கட்டி
ஒன்பது நாளாகிறது.
என் சலவைக்கூடத்தில் பதினொரு பேர்.
ஒருவருக்கும் சொல்லவில்லை.

போன வருடம், வேனுக்கு என்ன நிறம் என்று
கேட்டுத் தொலைத்தேன்.
மூன்று வாரம் இழுத்தது.
ரொஸ்னா பச்சை, ஆ சூன் சிவப்பு,
குணவதி, "அழுக்குத் தெரியாத நிறமா பாருங்க."
கடைசியில் மலிவாகக் கிடைத்தது
வெள்ளை.
அன்றிலிருந்து எனக்கொரு கணக்கு:
சின்னதைக் கேள், பெரியதைச் சொல்.

நேற்றிரவு அந்தக் கணக்கு உதைத்தது.
நிறத்தைக் கேட்டவள்
கடல் தாண்டுவதைக் கேட்காமல் விட்டால்
கேட்டதற்கு என்ன பெயர்?
சரி, கேட்டு,
பதினொரு பேரும் வேண்டாம் என்றால்
அந்தக் கையெழுத்தை
எந்தச் சோப்புப் போட்டுக் கழுவுவது?

காலை பத்து மணி. தே ஓ நேரம்.
குணவதியும் தவமலரும்
ஓட்டல் விரிப்பு ஒன்றை
நான்கு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள்.
ஒருத்தி நடந்தால் மற்றவள் நிற்பாள்.
யார் நடப்பது, யார் நிற்பது
நான் சொல்லித்தந்ததில்லை.

"பிறைக்குப் போறோம்" என்றேன்.
"அது முடிஞ்ச விஷயம்.
கருத்துக் கேக்கிற மாதிரி நடிக்க மாட்டேன்.
வேன் எத்தனை மணிக்குக் கிளம்பணும்,
யாரை எங்க ஏத்தணும்,
வேலை எப்ப முடியணும்,
அது உங்க கையில.
நீங்க சொல்றதுதான்."

நீராவி இஸ்திரி ஒருமுறை மூச்சு விட்டது.

தவமலர் விரிப்பை அடுக்கில் வைத்தாள்.
"ஆறேகால்" என்றாள்.
"அதுக்கு மேல பாலம் நெரிசல்."
எல்லாரும் தலையாட்டினார்கள்
என்றோ பேசி முடித்தவர்களைப் போல.

பிறகு தில் பகதூர்,
வடிகால் அடைத்தால் மட்டுமே வாய் திறப்பவன்,
உடைந்த மலாயில்:
"ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன் பாஸ்.
பின்பக்கத் தரை உள்ளே சாயுது.
மழை பேஞ்சா
மிஷினுக்கு அடியில தண்ணி நிக்கும்."

ஒப்பந்தத்தின் மூலம்
ஒன்பது நாளாய்
ஜெராக்ஸ் மிஷின் மூடிக்கடியிலேயே கிடந்ததாம்.

முன்பணம் எவ்வளவு என்று
யாரும் கேட்கவில்லை.
தவமலர் தே ஓ குடிக்கப் போனாள்.
குணவதி அடுத்த விரிப்பை உதறினாள்.
மறுமுனையை நான் எடுத்தேன்,
நடக்கத் தொடங்கினேன்.
"நீங்க நில்லுங்க பாஸ்" என்றாள்.
"நான் வர்றேன்."