உப்பிய கதவு

"இந்தக் கதவைச் சாத்த முடியவில்லை"
என்று எழுதியபோது
ஐப்பசி மழையில் உப்பிப்போன
குளியலறைக் கதவைத்தான் நினைத்தேன்.
சத்தியமாக அவ்வளவுதான்.

கடலூர் முதுநகர் ஐஸ் பாக்டரியில்
கணக்கெழுதும் தனவேல்
போனில் கேட்டார்:
"சுனாமியில போனானே என் தம்பி,
அவனுக்கு எங்கம்மா திறந்து வைக்கிற கதவு.
உங்களுக்கு யார் சார் சொன்னது?"

சிப்காட் பக்கத்திலிருந்து
அஞ்சலாட்சி, தபால் அட்டையில், பென்சிலால்:
"சாத்தினாலும் வருது சார் அந்த நாத்தம்."

இல்லை, அது வெறும்
என்று பதில் எழுத ஆரம்பித்து
பாதியில் கிழித்தேன்.
மழை விட்டு மூன்று வாரமாகியும்
கதவு இறுகித்தான் கிடக்கிறது.

இழைப்புளியோடு வந்த ஆசாரி
"எவ்வளவு சீவட்டும்?" என்கிறார்.

தம்பி எவ்வளவு உயரம் என்று
தனவேலிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.