நிரை

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே மூன்றாம் மாடி.
கீழே பேக்கரியில் பணிஸ் வேகும் வாசம்
ஒன்பது மணிக்கெல்லாம் என் எக்செல்லுக்குள் வந்துவிடும்.

ஆறு வருசமாய் எனக்கு ஒரே வேலை.
பதினொரு தோட்டத்துச் செக்ரோலை ஒன்றாய்க் கோத்து
சனிக்கிழமைக்குள்
பச்சையும் சிவப்புமாய்த் தூண்கள் நட்டு
கொழும்புக்கு அனுப்பவேண்டும்.
தூண்கள் நேராய் நின்றால் போதும்,
யாரும் எதுவும் கேட்டதில்லை.

போன சித்திரையில் புது மென்பொருள் வந்தது.
என் ஒரு கிழமை வேலையை
தேத்தண்ணி ஆறுமுன் முடித்து
அடியில் மூன்று வரி விளக்கமும் எழுதியது,
என்னைவிட நல்ல இங்கிலீசில்.
பக்கத்து மேசை டிலுக்ஷன்
தன் கதிரையை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று
பகிடி விட்டான்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

கதிரைகள் அப்படியே இருந்தன, கேள்வி மாறிவிட்டது.
"எவ்வளவு?" என்றவர்கள்
"அப்போ என்ன செய்யலாம்?" என்கிறார்கள்.
ஸூம் திரையில் ஏழு முகம்
மைக்கை மூடிக்கொண்டு என் வாயைப் பார்க்கின்றன.
எண் கொடுத்துப் பழகியவள் நான்.
வசனம் கொடுக்க வாய் வரவில்லை.

அன்றைக்குச் சிவந்து கிடந்தது
கீழ்ப்பிரிவு, ஒன்பதாம் நம்பர் மலை.
மூன்று கிழமையாய் ஆளுக்குப் பதினொரு கிலோ.
மூன்று கிழமையாய் அரைப் பேர்.
மென்பொருளின் கடைசி வரி:
இந்த மலையைக் கிலோக் காசுக்கு மாற்றலாம்.
"சரி" என்றிருந்தால்
கூட்டம் நாலு நிமிசத்தில் முடிந்திருக்கும்.
"நாளன்றைக்குச் சொல்றேன் சேர்."

பதின்மூன்று பெண்களும்
ஒரே நாளில், ஒரே அளவில் குறைந்திருந்தார்கள்.
சோம்பல் ஆளுக்காள் வேறுபடும்.
அதுதான் உறுத்தியது.

ஆட்டோ பாதிவழியில் நின்றது.
மிச்சத்தை மூடுபனியில் ஏறினேன்,
சப்பாத்துக்குள் இரண்டு அட்டையோடு.
"எந்த நம்பரப் பாக்க வந்தீங்க மிஸ்?"
முந்நூற்றுப் பதினெட்டு என்றேன்.
"அது நாந்தான்" என்றாள் திலகேஸ்வரி,
கூடையை இறக்காமல்.

என் வயதுதான் இருக்கும்.
பாறைக்கு அடியில் கைகாட்டினாள்.
தவலை அளவுக்கு ஒரு குளவிக் கூடு.
"ரெஜினாவ லொறியில ஆஸ்பத்திரிக்கு ஏத்துன நாள்ல இருந்து
அந்தப் பக்கம் ஆறு நெர விட்டுட்டுத்தான் எடுக்கிறோம்."
சொன்னீங்களா?
"சொன்னோமே. கம்ப்யூட்டர்ல போடுறேன்னாரு."

கம்ப்யூட்டரில் மழை இருந்தது,
உரம் இருந்தது, கவ்வாத்துத் தேதி இருந்தது.
அவள் நெரயை என் நிரையில் தேடினால்
பதினொன்று என்று மட்டும் இருந்தது.

இரவு ஒரு நிரல் புதிதாய்ச் சேர்த்தேன்.
தலைப்பு: குளவி.
எண்ணா, எழுத்தா, தேதியா என்று கேட்டது மென்பொருள்.
ரெஜினாவின் வீங்கிய இமை
இதில் எது என்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு முகத்துக்கும் சொன்னேன்:
கூட்டை எடுக்க ஆள் அனுப்புங்கள்,
மூன்று கிழமைக்கும் முழுப் பேர் போடுங்கள்.
ஒரு மைக் திறந்தது.
"இது டேட்டாவா, கதையா?"
போன மாதம் என்றால் தடுமாறியிருப்பேன்.
பதின்மூன்று பேரின் குறைவையும்
ரெஜினாவின் ஆஸ்பத்திரித் துண்டையும்
ஒரே தேதியில் அடுக்கிக் காட்டினேன்.
மைக் மூடிக்கொண்டது.

கூட்டை எடுத்துவிட்டார்கள்.
கிலோக் காசுப் பேச்சு இப்போதைக்கு இல்லை.
அரைப் பேரை மட்டும் திருப்பவில்லை.
மாதக் கணக்கு மூடியாயிற்றாம்.

திலகேஸ்வரி கோல் எடுக்கிறாள்,
சம்பளத்துக்கு மறுநாள், மத்தியானச் சோற்று நேரத்தில்.
"மிஸ், அந்தப் பழைய கணக்கு?"
பார்க்கிறேன் என்கிறேன்.

மூடிய மாதத்தைத் திறக்க
யாருடைய பாஸ்வேர்ட் வேண்டும் என்று
இன்றைக்குத்தான் கேட்டு எழுதியிருக்கிறேன்.
கீழே
இரண்டாம் தட்டுப் பணிஸ் இறங்குகிறது.