சேருமிடம்

நான்கு மணி நேரம் தாமதித்த விமானம்
ஒல்பியாவில் எங்களை இறக்கிவிட்டபோது
வாடகைக் கார்க் கடையின் ஷட்டர்
பாதி இறங்கியிருந்தது.
குனிந்து நுழைந்து
பதினோரு இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.
பன்னிரண்டாவது, கூடுதல் காப்பீடு வேண்டாம் என்பதற்கு.
"மலைக்கா?" என்றான் பையன்.
"ஆமாம்."
காகிதத்தில் அச்சடித்த காரின் மேல்
பழைய கீறல்களை எல்லாம் பேனாவால் வரைந்தான்,
அவசரமே இல்லாமல்,
அம்மைத் தழும்புகளை எண்ணுகிறவன்போல்.

பாண்டா தருவார்கள் என்று சொல்லியிருந்தோம்.
ஃபெம்கே அதை நம்பிவிட்டாள்.
வெள்ளைக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து
காதைத் தேடினாள்.
பிறகு அழுதாள்.

ரோட்டர்டாமில் எங்களுக்கு
மேடு என்றால் பாலம்.
ஏறிய கையோடு இறங்கிவிடலாம்.
இங்கே சாலை ஏறியது,
கொஞ்சம் யோசித்தது,
மறுபடி ஏறியது.
இரண்டாம் கியரில் கார் முனகியது.
பக்கத்து இருக்கையில் யூரியனும்.

ஊர்ப்பெயர்ப் பலகைகளை யாரோ
சுட்டுச் சல்லடையாக்கி வைத்திருந்தார்கள்.
"பொழுது போகாத வேட்டைக்காரர்கள்" என்றான் அவன்.
எங்கோ படித்தது.
குரலில் அவ்வளவு உறுதி இல்லை.
தக்கைக்காகப் பட்டை உரித்த மரங்கள்
விளக்கு பட்டதும் திடுக்கிட்டு நின்றன,
துண்டோடு மாட்டிக்கொண்டவர்கள்போல்
தொடைவரை சிவந்து.

கைப்பேசிக்காரி மட்டும் பதறவே இல்லை.
இடப்பக்கம் திரும்பவும் என்றாள்.
இடப்பக்கம் ஆட்டுக்கிடை.
நூறு கண்கள் பச்சையாய் எரிந்து
எங்களைத் தலைக்கணக்கு எடுத்தன.

"வீட்டுக்காரி கடிதத்தைப் படித்தாயா?"
"பாதி."
"எந்தப் பாதி?"

அப்புறம் ஏழு கிலோமீட்டர்
யாரும் வாய் திறக்கவில்லை.
அந்தச் சாலையில் ஏழு கிலோமீட்டர் என்பது
கல்யாணமான பத்து வருடத்தையும்
ஒருமுறை புரட்டிப் பார்க்கப் போதும்.

*சேருமிடம் வந்துவிட்டது.*

வந்த இடத்தில் வீடு இருந்தது.
எங்கள் வீடு இல்லை.
படத்தில் நீலச் சன்னல்கள்.
இங்கே சன்னலை மறைத்தபடி டிராக்டர்.
வாசல் விளக்கின் கீழ் ஒரு மேசை,
ஆளில்லாத நான்கு நாற்காலிகள்.
ஐந்தாவதிலிருந்து
உள்பனியன் போட்ட ஒருவர் எழுந்தார்.
"ஒலாந்தா?" என்றார்.
எண் பலகையைப் பார்க்கக்கூட இல்லை.

முதலில் குழந்தைக்குத் தண்ணீர்.
பிறகு அப்பளம்போல் நொறுங்கும் ரொட்டி,
ஆட்டுப்பால் சீஸ்,
எங்களுக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒன்று
தொண்டையில் தீயாய் இறங்கியது.
பக்கீசியோ என்று தன் நெஞ்சைத் தட்டினார்.
கதவுநிலையில் கரிக்கோடுகள், ஐந்தைந்தாய்.
புதிதாக ஒன்றை இழுத்துவிட்டு
முப்பத்தெட்டு என்று விரல்களால் சொன்னார்.
இருபத்தேழாம் கோடு
உள்ளே போய் அவர் கட்டிலிலேயே
பெட்டியைத் திறந்துவிட்டதாம்.
அதை நடித்தும் காட்டினார்.
யூரியன் சிரித்தான்.
விமான நிலையத்துக்குப் பிறகு முதல்முறை.

மூன்று சக்கர வண்டியில் அவர் முன்னே போக
ஒற்றைச் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு
வந்த வழியே திரும்பினோம்.
குறுகிய கேட்டில் கார் ஒருமுறை கீச்சிட்டது.
இறங்கி வந்து பார்த்தார்.
கட்டைவிரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்தார்.
போகவில்லை.
தோளைக் குலுக்கினார்.
நீலச் சன்னல் வீட்டின் முன் நின்று
தன் சட்டைப்பையிலிருந்து
சாவியை எடுத்தார்.

காலையில் யூரியன் மீதிப் பாதியைப் படித்தான்,
உரக்க, பல் துலக்கியபடி:
*இயந்திரம் உங்களை பக்கீசியோ வீட்டுக்குத்தான்*
*கொண்டுபோகும். போங்கள். சாவி அவரிடம்.*
*வரைபடத்தைத் திருத்தச் சொல்லி*
*எழுத உட்கார்ந்தேன் ஒருமுறை.*
*வேண்டாம் என்றுவிட்டார்.*
*ஏன் என்று நான் கேட்கவில்லை.*
*குப்பையைச் செவ்வாயன்று வெளியே வைக்கவும்.*

வெளியே ஃபெம்கே,
அவர் தந்த கரித்துண்டால்
புதுக்கீறலுக்கு மேலே
இரண்டு காது வரைந்துகொண்டிருந்தாள்.