இரண்டாவது வரிசை

மூன்று வருடத்துக்கு முன்
நான்தான் எழுதினேன் அந்த வரியை.
தொழிலாளி, மனைவி: ஒன்றுக்கு ஒன்று.
ஒருவனுக்கு ஒருத்தி என்று கேட்டு வளர்ந்த கை,
யோசிக்கவே இல்லை.
அன்று பெல்லந்தூரில் மழை,
ரிங் ரோட்டில் எதுவும் நகரவில்லை,
கேப் வருவதற்குள் முடித்துவிடும் அவசரம்.
டெஸ்ட் எல்லாம் பச்சை.
டெஸ்ட்டுக்கு நானே கட்டிவைத்த தம்பதிகள்
சண்டை போட்டதில்லை.
செத்ததுமில்லை.

வியாழன் பதினொன்றே காலுக்கு
பீன்யாவிலிருந்து டிக்கெட்.
கிராஜுவிட்டி பக்கம் திறக்கவில்லை,
ஒரே ஓர் ஆளுக்கு மட்டும்.
லாகில் சிவப்பாய் நூற்றுப் பதினாறு வரி,
அடியில் காரணம்:
ஒரு வரிசை எதிர்பார்த்தேன்,
இரண்டு வந்திருக்கின்றன.

சித்தலிங்கப்பா, ஊழியர் எண் 40817,
லேத் பிரிவு, இரவு ஷிஃப்ட்,
மாரடைப்பு.
மனைவி: கௌரம்மா, துமகூரு.
மனைவி: ஹொன்னம்மா, லக்கெரே.

ஹெச்ஆர் மஞ்சய்யாவுக்கு போன் போட்டேன்.
என் கன்னடம் ஆட்டோக்காரரோடு முடிந்துவிடும்;
அவரிடம் ஓசூரில் வேலை பார்த்த தமிழ் இருந்தது.
"ரெண்டு பேரும் இங்கதான் இருக்காங்க மேடம்,
ஒரே பெஞ்சுல, காலையிலேர்ந்து.
ஒருத்தங்க கொண்டுவந்த டிபனை
ரெண்டு பேரும் சாப்பிட்டாங்க.
இங்க யாருக்கும் பிரச்சினை இல்ல.
உங்க சாஃப்ட்வேருக்குத்தான்."

அனிர்பன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.
"டேட்டா தப்பு. ஒரு வரிசையை அழி."
எதை?
"பழையதை." கொஞ்சம் நின்று,
"இல்லை, புதியதை."
காபி எடுக்கப் போய்விட்டான்.

அழித்தால் அவள் மட்டும் போகமாட்டாள்.
அவளைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் போகும்,
கேஸ்கேட் என்று நானே போட்டு வைத்திருக்கிறேன்.
ஹொன்னம்மாவுக்குப் பின்னால் ஒரு பெண், எட்டாம் வகுப்பு.
கௌரம்மாவுக்குப் பின்னால் இரண்டு பையன்கள், மூத்தவன் ஐடிஐ.
தாய் வரிசை அறுந்த வரிசையை
அநாதை என்றே அழைக்கிறது இந்த ஃபிரேம்வொர்க்,
கூசாமல்.
அநாதைகளை நீக்கலாமா: ஆம் என்று இருந்தது.
அதுவும் என் கைதான்.

மனைவி என்ற ஒருமையைப் பன்மையாக்கினேன்.
அவ்வளவுதான் செய்தேன்,
நாற்பத்தொரு ஃபைல் உடைந்தது.
ரசீது, வரிக் கணக்கு, மருத்துவ அட்டை,
கல்யாண நாள் வாழ்த்து அனுப்பும் ஒரு சின்ன புரோகிராம்கூட
ஒருத்தியையே நம்பி உட்கார்ந்திருந்தது.
ஒவ்வொரு வீடாய்ப் போய்ச் சேதி சொல்வதுபோல்
சொல்லிக்கொண்டு வந்தேன்.
முதல் ஓட்டத்தில் பெயர்கள் வரவில்லை.
கேட்கும்போது தருகிறேன் என்றிருந்த மேப்பிங்
கேட்கும்போது கதவைச் சாத்தியிருந்தது.
சோம்பேறி.
அவனை அழைக்கும்போதே அவர்களையும்
கூட்டிக்கொண்டு வா என்று மாற்றினேன்.

ரிவ்யூவில் நஸ்ரீன் ஒன்றுதான் கேட்டாள்:
"பங்கு எப்படிப் பிரியும்?"
பங்கு என்று ஒரு கட்டம் சேர்த்து,
காலியாக இருக்கலாம் என்று விட்டேன்.
அதை நிரப்புவது நானில்லை.
மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிக்கிடந்தது.

ஆறே முக்காலுக்குப் பக்கம் திறந்தது.
மஞ்சய்யா மறுபடி கூப்பிட்டார்.
"ரெண்டு பேரும் வந்துட்டாங்க மேடம், தேங்க்ஸ்.
ஆனா யார் பேர் மேல வரணும்னு கேள்வி."
எந்த ஒழுங்கில் என்று நான் எழுதவே இல்லை.
டேட்டாபேஸ் தன் கைக்கு வந்தபடி தரும்,
இன்றைக்கு இவள், நாளைக்கு அவள்.
யார் கேட்பது, கௌரம்மாவா, ஹொன்னம்மாவா?

"அவங்க பஸ்ஸுக்குப் போயிட்டாங்க மேடம்.
பிரிண்டர் பக்கத்துல பெரிய பையன் நிக்கிறான்."

கேப் டிரைவர் இரண்டாவது முறை அழைக்கிறார்.
நான் கர்சரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.