காலடிக் கணக்கு

காங்கெமியிலிருந்து கிலெலேஷ்வாவுக்கு
ஒன்றே கால் மணி நேரம்.
ஒரு தூறல் விழுந்தாலே மட்டாட்டு வேன்காரன்
கட்டணத்தை இரட்டிப்பான்.
அதனால் மழையிலும் நடைதான், அயூமாவும் நானும்.
காலில் சேற்றுக்கான செருப்பு,
துணிப்பையில் வேலைக்கான செருப்பு.

வையாகி சாலையோரம்
யாரும் போட்டுத் தராத பாதை ஒன்று உண்டு.
எங்கள் ஆட்கள் மிதித்து மிதித்துப் போட்டது.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
புல் கொஞ்சம் முயன்று பார்க்கும்.

கதோனி மேடமும் நடப்பார்.
டாக்டர் சொல்லியிருக்கிறார்.
ஜன்னலோரம், ஓடும் பட்டையின் மேல்,
நாற்பது நிமிடம். வியர்த்துக் கொட்டும்.
இறங்கும்போது ஏறிய இடத்திலேயே இருப்பார்.
முதல் மாதம் அதைப் பார்க்க எனக்கு
சொல்லத் தெரியாத பதற்றம்:
இவ்வளவு தூரம் போய்
ஒருத்தரையும் பார்க்காமல் வந்துவிட்டாரே.

பிறகு காப்பீட்டுக்காரர்கள் கடிதம் போட்டார்கள்.
நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடந்தால்
தவணையில் தள்ளுபடி.
மேடத்துக்குக் கூட்டம், நெரிசல், முட்டி வலி.
ஒரு சாயங்காலம், கொஞ்சம் வெட்கத்தோடு,
தன் கடிகாரத்தை என் மணிக்கட்டில் கட்டினார்.
"நீ எப்படியும் நடக்கத்தானே செய்கிறாய்."

எப்படியும் நடக்கத்தான் செய்கிறேன்.
ஷில்லிங்கை எண்ணுவேன்,
வாடகைக்கு இருக்கும் நாட்களை எண்ணுவேன்.
காலடியை எண்ணினால் நடக்க முடியாது.
இருபத்தோராயிரத்து நானூறு என்றது கடிகாரம்.
அயூமா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அப்புறம் குனிந்து
தன் பாதங்களை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

ஒன்றரை மாதத்தில் மேடத்துக்கு வாழ்த்து வந்தது:
நீங்கள் மொம்பாசா வரை நடந்துவிட்டீர்கள்!
படத்தில் ஒரு தென்னை, ஒரு கடல்.
நான் கடல் பார்த்ததில்லை.
மேடம் தன் பழைய ஷூவை எனக்குக் கொடுத்தார்.
நல்ல ஷூ. இடது மட்டும் கடிக்கும்.

நேற்று ராத்திரி
அந்த ஷூவைக் கழற்றிவிட்டு
முக்காலியில் உட்கார்ந்து
தேநீரை வாய்க்குக் கொண்டுபோன நொடியில்
மணிக்கட்டு சிலிர்த்தது.
எழுந்து கொஞ்சம் நடக்கலாமே, என்றது.
சிரித்த சிரிப்பில் பாதித் தேநீர் மடியில்.

சத்தம் கேட்டு நெலிமா
கட்டில் காலை விட்டுவிட்டாள்.
பதினோரு மாதம். இதுவரை விட்டதில்லை.
ஒன்று.
ஆடி நின்றாள்.
இரண்டு.
கண் முழுக்க என் கையில் மினுக்கும் வெளிச்சத்தின் மேல்.

கழற்றினேன்.
உகாலிச் சட்டிக்குள் போட்டு மூடினேன்.
அதற்கப்புறம்தான் கை நீட்டினேன்.

வெளிச்சம் போன இடத்தைப் பார்த்து
கொஞ்சம் யோசித்தாள்.
பிறகும் வந்தாள்.