பேபி ஆஃப் ஒச்சம்மாள்

விடியற்காலை மூன்று மணிக்குக் கடைசிப் பால்.
அதன்பிறகு தண்ணீர்கூடக் கூடாது.
உசிலம்பட்டியில் ஏறும்போது உறங்கியவள்
செக்கானூரணியில் விழித்தாள்.
நாகமலையில் என் ரவிக்கையைக் கடித்தாள்.
காளவாசல் சிக்னலில்
பஸ் முழுக்க அவளுக்காகப் பேசியது:
"ஏம்மா, பிள்ளைக்குப் பசிக்குது,
குடுக்க வேண்டியதுதானே?"
ஈரம் ஊறிய மாராப்பை இழுத்து மூடிக்கொண்டு
ஜன்னலைப் பார்த்தேன்.
எத்தனை பேருக்குச் சொல்வது,
மயக்கம் கொடுக்கிற நாளில்
பட்டினியும் வைத்தியம்தான் என்று.

பெயர் வைத்து ஏழு மாதமாகிறது. தன்ஷிகா.
சீட்டில் இன்னும் பேபி ஆஃப் ஒச்சம்மாள்.
பிறந்த பதினோராம் நாள் பதிந்தது, மாற்றவில்லை.
ஒரு வகையில் சரிதான்.
என்னுடையதுதான் அவளுக்குள் இருக்கிறது.

பெனிட்டா என்கிற பெண், என்னைவிட இளையவள்,
அன்றைக்கு ஒரு தாளை எடுத்து
ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் போட்டாள்.
அப்பா வெள்ளைக் கட்டம்.
அம்மா வெள்ளை வட்டம்.
என் வட்டத்தை மட்டும்
பேனாவால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கினாள்.
கண்மணி மாதிரியே இருந்தது.
எனக்குக் கீழே ஒரு கட்டம், ஒரு வட்டம்.
இரண்டுக்குள்ளும் கேள்விக்குறி.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி.
பூவா தலையா மாதிரி.
முதல் தடவை பூ விழுந்தால்
அடுத்தது தலைதான் என்று கிடையாது."

"யார் பக்கத்துத் தப்பு?" என்றார் என் வீட்டுக்காரர்.
அவள் பேனாவை மூடி வைத்தாள்.
"தப்பில்லை அண்ணா. எழுத்துப்பிழை."
லாரி செட்டில் கணக்கு எழுதுகிறவர்,
அடித்துத் திருத்தினால் தீராதா என்ற முகத்தோடு
அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் இடது கண் செயற்கை.
இரண்டு வயதில், இதே மதுரையில் எடுத்தார்கள்.
இருட்டில் பூனைக்கண்ணாய் மின்னுகிறது என்று
அதுவரை தெருவே என்னைக் கொஞ்சியதாம்.
கண்பட்டுவிடுமென்று
சுற்றிப்போட்ட மிளகாய் எத்தனை படியோ.
அந்தக் கண் பார்க்காது. ஆனால் அழும்.

ரத்தம் கொடுத்து ஐந்து வாரம் கழித்து
கபிலேஷுக்கு இல்லை என்று வந்தது.
"இனி இவனைக் கூட்டி வர வேண்டாம்."
நாலு வருசமாகச் சொட்டு மருந்துக்குப் பழகியவன்
தரையில் விழுந்து புரண்டான்.
பாப்பாவுக்கு மட்டும் பஸ்ஸா,
பாப்பாவுக்கு மட்டும் சொட்டு மருந்தா,
எனக்கு மட்டும் ஏன் இல்லை?
இல்லை என்ற சொல்லைக் கேட்டு
அந்த வராந்தாவில் அழுத ஒரே ஆள் அவன்தான்.
பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்து
இழுத்துக்கொண்டு போனோம்.

மூன்றாவது சோதனையில் இவளுக்கு ஒன்று தெரிந்தது.
வலது கண், ஓரத்தில்.
கடுகளவு, என்றார் டாக்டர்.
கடுகை எனக்குத் தெரியாதா.
லேசரில் பொரித்துவிட்டோம் என்றார்கள்.
தேடிப் போனதால் கடுகில் பிடித்தார்கள்.
என்னுடையதைப் பார்த்தபோது
கண்ணே மிச்சமில்லை.

மூன்று வாரம். மறுபடி மூன்று வாரம்.
எல்லாம் சரியாகப் போனால் ஐந்து, எட்டு,
அப்புறம் வருசத்துக்கு இத்தனை என்று.
பள்ளிக்கூடம் போனாலும் விடாது,
கண் தப்பினாலும்
மற்ற இடங்களில் ஒரு பார்வை வேண்டும் என்கிறார்கள்.
தினசரிக் காலண்டரில்
மாமியார் கரிநாள் பார்ப்பார்.
நான் பென்சில் வட்டம் பார்ப்பேன்.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு
போனில் பிளாஷ் போட்டு இவளைப் படம் எடுக்கிறேன்.
இது சோதனைக்கு ஈடாகாதென்று சொல்லியிருக்கிறார்கள்.
தெரியும்.
தெரிந்துதான் எடுக்கிறேன்.
கண் சிவந்து விழுந்த படத்தை
ஊரில் யாரும் வைத்துக்கொள்வதில்லை,
அழித்துவிட்டு மறுபடி எடுப்பார்கள்.
என்னிடம் இருநூற்றுப் பதினாறு இருக்கின்றன.
வெள்ளை இல்லை, ஒன்றில்கூட.
இரண்டு கண்ணும் நெருப்பாய்ச் சிவக்க
கொள்ளிவாய்ப் பிசாசு மாதிரிச் சிரிக்கிறாள்.

போனில் இடம் போதவில்லை என்று வந்தது.
கல்யாண வீடியோவை அழித்தேன்.