மழைக்குப் பிந்தியது

எஸ்டேட் என்று பெட்டியில் அச்சடித்தது அன்சலம்.
அச்சுவேலியில் பதினான்கு பரப்பு,
நடுவில் ஒரு கிணறு,
மிச்சமெல்லாம் முந்திரிகைப் பந்தல்.
"எஸ்டேட்டுக்கு மலை வேணுமடா" என்றேன்.
"கிணறு கிண்டின கல்லுக் கும்பி கிடக்குத்தானே" என்றான்.

ஆண்டுகளை நான் நாக்கில்தான் வைத்திருக்கிறேன்.

டீசல் இல்லாத ஆண்டு:
கானை வரிசையில் வைத்துவிட்டு இரண்டு இரவு நின்றோம்.
மோட்டர் பன்னிரண்டு நாள் ஊமை.
பழம் குன்றிமணிக்குச் சற்று மேலே வளர மறுத்தது,
தோல் தடித்தது,
பிழிந்தால் மை.
அவ்வளவு கறுத்த வைனை
முன்னும் பின்னும் நாங்கள் செய்ததில்லை.
தண்ணீரை அளந்து விடு என்று எமக்குச் சொல்ல
ஒரு நாடே முறிய வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு டீசல் வந்தது, கூடவே ஆசையும்.
பழம் கொழுத்தது.
வைனோ,
விருந்தாளி கூடியபின் தண்ணீர் விட்ட சொதி.

பூஞ்சணம் பிடித்த ஆண்டு இலையெல்லாம் நீலம்:
துருசும் சுண்ணாம்பும் கரைத்த போர்தோக் கலவை.
பிரான்சில் அந்தப் பெயரில் வைன் இருக்கிறதாம்.
எங்களிடம் வந்து சேர்ந்தது மருந்து.

லாச்சப்பலில் இருந்து அத்தான் மதுவம் அனுப்பினார்,
வெள்ளிப் பொட்டலத்தில், பத்துக் கிராம்.
நல்ல பிள்ளை அது.
சொன்ன நாளில் நுரைத்தது, சொன்ன நாளில் அடங்கியது.
வாயில் வைத்துக் கேட்டால்
எந்த ஊர் என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை.
அடுத்தமுறை பழத்தோலின் வெண்பொடியையே நம்பினேன்.
ஒரு பீப்பாய் விநாகிரி.
மற்றப் பீப்பாய்க்காக அதை மன்னித்தேன்.

பலாமரத்தில் பீப்பாய் செய்வித்தது அன்சலம்.
இப்போது அதில் மாங்காய் ஊறுகிறது.

சீனியைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
கல்யாண வீட்டுக்குப் போவதற்கு அவன் போடுவான்.
பூசைக்குப் போவதற்கு எவரும் போடக்கூடாது;
ஆண்டவரின் பந்திக்கு மட்டும்
ஆண்டு எப்படியோ அப்படியே.
புளித்த ஆண்டில் சுவாமி முகம் சுளிக்காமல் குடித்தார்.
அது அவருடைய விசுவாசம்.

போன ஆவணியில் மானி பதினெட்டில் நின்றது.
தெற்கே மேகம்.
"இன்னும் நாலு நாள்" என்றான்.
"இண்டைக்கே" என்றேன்.
கிணற்றைக் கோடாக வைத்துப் பந்தலைப் பிரித்தோம்.
என் பாதி பொழுதுபடமுன் பெட்டியில்.
மூன்றாம் இரவு மழை.
தகரத்தில் அது விழ விழ
நான் எழுந்திருந்து சந்தோஷப்பட்டதை
எழுதாமல் விடலாம்.
எழுதுகிறேன்.

விடிய அவன் பந்தலில் பழம் வெடித்துத் தொங்கியது.
குளவிகள் முந்திவிட்டன.
றோசம்மாவும் மருமக்கள் மூவரும்
குலை குலையாக அல்ல, பழம் பழமாக,
கத்தரிக்கோல் நுனியால் தெரிந்தெடுத்தார்கள்.
நாலில் மூன்று பங்கு மாட்டுக்கு.
மிஞ்சியதை ஒரு கண்ணாடிச் சாடியில் அடைத்தான்,
ஒன்றும் பேசவில்லை.

தையில் திறந்தோம்.
என்னுடையது நேராக நின்றது.
புளிப்பு. நுனியில் பச்சை இலை.
பிழை சொல்ல ஒன்றுமில்லை,
சரி சொல்லவும்.
அவனுடையது பத்தொன்பது போத்தல்.
முதலில் நனைந்த செம்மண்,
பிறகு எதுவுமில்லை,
விழுங்கி வெகுநேரம் கழித்து
சீனி அறியாத ஓர் இனிப்பு.

மதுவரிக்காரர் அளவெழுதிப் போனார்.
அன்சலம் என்னைப் பார்க்காமல் தக்கை தேடிக்கொண்டிருந்தான்.
லேபிள் எழுதுவது என் வேலை.
அவன் பத்தொன்பதிலும் ஆண்டுக்குக் கீழே
மழைக்குப் பிந்தியது என்றெழுதினேன்.
என்னுடையவற்றில்
பேனை கொஞ்சநேரம் நின்றது.
பிறகு, பூசைக்கு.

சுவாமி பாவம்.